நாற்காலி முதலில் நாற்காலியாக இருக்கட்டும்

நீங்கள் கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் தோழி மூன்று வரியில் ஒரு கவிதை எழுதியிருக்கிறார்:

மொட்டைமாடியில்
மழையில் நனைகிறது
நேற்று வெயிலில் உட்கார்ந்திருந்த நாற்காலி

கூடிப் படித்தபோது ஒருவர் நாற்காலி என்றால் அதிகாரம் என்றார், இன்னொருவர் செத்துப்போன அப்பா என்றார், மூன்றாமவர் மழை என்பது காலம் என்றார். உங்களுக்கு மட்டும் நனைகிற ஒரு நாற்காலிதான் தெரிந்தது. "நவீன கவிதையில் எது நேர்ப்பொருள், எது குறியீடு என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எனக்குக் கவிதை படிக்கத் தெரியவில்லையா?" என்பது உங்கள் கேள்வி.

தெரிகிறது. அந்த நாலு பேரில் கவிதைக்கு மிகப் பக்கத்தில் இருந்தவர் நீங்கள்தான் என்று நினைக்கிறேன். மற்ற மூவரும் நாற்காலியைப் பார்ப்பதற்கு முன்பே அதை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். நீங்கள் நாற்காலியிடம் நின்றீர்கள், ஆனால் அங்கே இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம். இந்தப் பதில் முழுக்க அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றித்தான்.

குறியீடு என்றதும் பலருக்கு மனதில் வருவது ஒரு சமன்குறி. புறா = சமாதானம், இருட்டு = அறியாமை, பாலை = வெறுமை. பள்ளிக்கூடத்தில் செய்யுளுக்குப் பொழிப்புரை எழுதிப் பழகிய கை அப்படித்தான் போகும், அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் சமன்குறி போட்ட அடுத்த கணம் இடதுபக்கம் இருப்பது தேவையில்லாமல் போய்விடுகிறது. நாற்காலி என்பது அதிகாரம்தான் என்றால் அதிகாரம் என்றே எழுதிவிட்டுப் போயிருக்கலாமே, எதற்கு மொட்டைமாடி, எதற்கு நேற்று, எதற்கு வெயில்? கவிதையில் இருக்கும் ஏழு சொற்களில் ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்து மொழிபெயர்த்துவிட்டு மீதியைக் கீழே போட்டுவிடுகிற வாசிப்பு அது. ஒரு வாசிப்பு சரியா தப்பா என்று எனக்குச் சந்தேகம் வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: அந்த விளக்கத்துக்குப் பிறகு கவிதையின் மற்றச் சொற்களுக்கு வேலை இருக்கிறதா, இல்லை அவை சும்மா நிற்கின்றனவா?

இந்த நேர்ப்பொருள், குறிப்புப்பொருள் என்ற பிரிவு மேற்கிலிருந்து நவீனத்துவத்தோடு வந்து இறங்கியது என்று நினைப்பவர்கள் உண்டு. தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே "தெரிபு வேறு நிலையலும் குறிப்பின் தோன்றலும் இருபாற்று என்ப பொருண்மை நிலையே" என்று ஒரு நூற்பா இருக்கிறது. சொல்லின் பொருள் வெளிப்படையாகத் தெரிவதும் உண்டு, குறிப்பால் தோன்றுவதும் உண்டு, இரண்டு வகை. அப்புறம் பொருளதிகாரத்தில் உள்ளுறை உவமம், இறைச்சி என்று இதற்கென்றே தனிச் சொற்கள். ஆகவே இந்தக் கேள்வி தமிழுக்குப் புதிதில்லை, நவீன கவிதையில் அது வேறு மாதிரி சிக்கலாகிறது, அவ்வளவுதான். எப்படிச் சிக்கலாகிறது என்று பார்க்க ஒரு பழைய பாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

குறுந்தொகையின் எட்டாம் பாட்டு, ஆலங்குடி வங்கனார் பாடியது. தலைவன் சில காலம் பரத்தை ஒருத்தியோடு இருந்துவிட்டு வீடு திரும்பிவிட்டான். அவன் மனைவி தன்னைப் பழித்துப் பேசினாள் என்று கேள்விப்பட்ட அந்தப் பரத்தை, மனைவியின் பக்கத்தார் காதில் விழும்படி பேசுகிறாள். தொடக்கம் இப்படி: "கழனி மாஅத்து விளைந்துஉகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்." வயலோரத்து மாமரத்தில் பழுத்து, தானாக உதிர்கிற இனிப்பான பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்கிற ஊர், அந்த ஊர்க்காரன். அவ்வளவுதான், ஊரை வருணிக்கிறாள். ஆனால் காட்சியைக் கண்ணால் பாருங்கள். மீன் மரம் ஏறவில்லை, பழத்தைப் பறிக்கவில்லை. பழம் தானே பழுத்தது, தானே விழுந்தது, கீழே மீன் இருந்தது, வாயைத் திறந்தது. "நான் அவனை மயக்கினேன் என்கிறாளே, அவனாக வந்து விழுந்தான்" என்று அவள் சொல்லவே இல்லை, மாமரமும் வாளையும் சொல்லிவிட்டன. "உகு" என்ற அந்த ஒரு சின்னச் சொல்லை, உதிர்வதை, நீங்கள் கவனிக்காமல் விட்டால் உள்ளே இருப்பது முழுக்கப் போய்விடும். அதே பாட்டின் பின்பாதியில் வெளிப்படையான உவமையும் இருக்கிறது: இங்கே இருந்தவரை பெரிய பேச்சுப் பேசியவன், அங்கே போனதும், நாம் கையையும் காலையும் தூக்கினால் தானும் தூக்குகிற கண்ணாடிப் பாவை போல, தன் மகனின் தாய் விரும்பியதையெல்லாம் செய்கிறான். இங்கே "போல" வந்துவிட்டது. முன்பாதியில் "போல" இல்லை. மனைவி என்று சொல்லாமல் "தன் புதல்வன் தாய்" என்கிறாளே, அதற்குள் எவ்வளவு எரிச்சல்! இந்த ஆறு வரிக்குள் நேர்ப்பொருள், உவமை, "போல" என்று சொல்லாமலே உள்ளே வைத்த உள்ளுறை, மூன்றும் தனித்தனியாக வேலை செய்கின்றன.

சங்கப் பாட்டைக் கேட்டவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. மருதம் என்றால் ஊடல், நெய்தல் என்றால் இரங்கல், பாலை என்றால் பிரிவு என்று நிலமும் உணர்வும் முன்னாடியே பேசி முடிக்கப்பட்டிருந்தன. வயலும் மாமரமும் வாளைமீனும் வந்ததுமே கேட்பவர் காது ஊடலுக்குத் தயாராகிவிடும். கவிஞரும் வாசகரும் ஒரே அகராதியை வைத்திருந்தார்கள். நவீன கவிஞரிடம் அந்தப் பொது அகராதி இல்லை. அவருடைய மழை ஒரு கவிதையில் ஆறுதல், அடுத்த கவிதையில் அச்சுறுத்தல், மூன்றாவதில் வெறும் ஈரம். அதனால் ஒவ்வொரு கவிதையும் தன் அகராதியைத் தனக்குள்ளேயே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது, நாமும் அந்தக் கவிதைக்குள்ளிருந்தே அதைப் படித்தெடுக்க வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து கொண்டுவந்த அகராதியை வைத்து "மழை என்றால் காலம்" என்று சொல்லும்போது நாம் செய்வது, நெய்தல் பாட்டுக்கு மருதத்தின் உரையை ஒட்டவைப்பது மாதிரியான காரியம்.

வடமொழி இலக்கணக்காரர்கள் இதை இன்னொரு பக்கத்திலிருந்து யோசித்தார்கள். அவர்கள் வழக்கமாகக் காட்டும் உதாரணம் "கங்கையில் ஆயர்சேரி". ஆற்றின்மேல் சேரி இருக்க முடியாது, ஆகவே நேர்ப்பொருள் முட்டிக்கொண்டு நிற்கிறது, கரையில் என்று மாற்றிப் புரிந்துகொள்கிறோம், கூடவே அந்த இடத்தின் குளிர்ச்சியும் தூய்மையும் வந்து சேர்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் இருந்த ஆனந்தவர்த்தனர் தொனியை, அதாவது சொல்லாமல் உணர்த்தப்படும் பொருளை, விளக்கியபோது இரண்டு வகையைப் பிரித்தார். ஒன்றில் நேர்ப்பொருள் ஒதுக்கப்படுகிறது, அல்லது வேறாக மாற்றப்படுகிறது. மற்றதில் நேர்ப்பொருள் அப்படியே முழுசாக இருக்கிறது, சொல்ல நினைத்ததும் அதுதான், ஆனால் அதோடு நிற்காமல் மேலே போகிறது. எனக்கு இந்தப் பிரிவு மிகவும் பயன்பட்டிருக்கிறது. நவீன கவிதையில் குறியீடு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. "அவள் கண்கள் வாள்கள்" என்றால் நேர்ப்பொருள் நிற்காது, அது உருவகம், உடனே கடந்துபோக வேண்டும். "மழையில் நாற்காலி நனைகிறது" என்பது நூறு சதவீதம் நடக்கக்கூடியது, எங்கேயும் முட்டவில்லை. ஆகவே அதைக் கடந்துபோக அவசரமே இல்லை. அங்கேயே நிற்கலாம், நிற்க நிற்கத்தான் அது விரியும்.

மேற்கில் குறியீட்டியம் ஓர் இயக்கமாகப் பேர் பெற்றது 1886 செப்டம்பரில், கவிஞர் ழான் மொரேயா பிரான்சின் லெ ஃபிகாரோ நாளிதழில் அதற்கான அறிக்கையை வெளியிட்டபோது. அதற்கு முன்பே 1857-ல் பிரெஞ்சுக் கவிஞர் போத்லெர் இயற்கையைக் குறியீடுகளின் காடு என்று எழுதிவிட்டார். இன்னொரு பிரெஞ்சுக் கவிஞர் மல்லார்மே 1891-ல் ஒரு பேட்டியில், பொருளைப் பேர் சொல்லிவிட்டால் கவிதையின் இன்பத்தில் முக்கால்வாசி போய்விடும், குறிப்பால் உணர்த்துவதே கனவு என்ற பொருள்படச் சொன்னார். இதற்கு எதிர்வினையாக வந்தவர்கள்தான் எனக்கு இன்னும் முக்கியமானவர்கள். அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்ட், 1918-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், இயற்கைப் பொருளே மிகச் சரியான குறியீடு என்கிறார். குறியீட்டைப் பயன்படுத்துகிறவன் அது துருத்திக்கொண்டு நிற்காதபடி பயன்படுத்த வேண்டும், அதைக் குறியீடாகப் புரிந்துகொள்ளாதவனுக்கும், அதாவது பருந்து வெறும் பருந்தாக மட்டுமே இருக்கிறவனுக்கும், கவிதையின் பொருளும் அழகும் கெட்டுப்போகக் கூடாது என்கிறார். உங்கள் கேள்விக்கு ஒரே வரியில் பதில் கேட்டால் நான் இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். பருந்து பருந்தாக மட்டும் தெரிகிற வாசகரையும் கணக்கில் எடுத்துக்கொண்டு எழுதப்பட்டதுதான் நல்ல கவிதை. நீங்கள் அந்த வாசகர்.

இப்போது தமிழுக்கு வருகிறேன், இங்கேதான் கொஞ்சம் நிதானமாக நிற்க ஆசை.

பாரதியின் அக்கினிக் குஞ்சு உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். "அக்கினிக் குஞ்சொன்று கண்டேன், அதை அங்கொரு காட்டிலோர் பொந்திடை வைத்தேன், வெந்து தணிந்தது காடு." இதைக் கேட்டதுமே நாம் எல்லோரும் விடுதலை வேட்கை, ஞானம், புரட்சி என்று ஓடிவிடுகிறோம், ஓடுவதில் தப்பில்லை, ஆனால் ஓடுகிற வேகத்தில் பொந்தைத் தாண்டிவிடுகிறோம். தீப்பொறியை ஏன் பொந்தில் வைக்க வேண்டும்? காய்ந்த சருகில் போட்டால் சீக்கிரம் பற்றுமே. பொறி என்று சொல்லாமல் குஞ்சு என்றாரே, அதற்கும் பொந்துக்கும் உறவு இருக்கிறது. குஞ்சு இருக்கிற இடம் பொந்து. கீழே விழுந்து கிடந்த பறவைக் குஞ்சைப் பார்த்த ஒருவர் அதைப் பத்திரமாகத் தூக்கி மரப்பொந்தில் வைப்பது மாதிரி அந்தச் செயல் நடக்கிறது. கண்டேன், வைத்தேன், இரண்டும் எவ்வளவு மென்மையான வினைகள், கொளுத்தினேன் என்றோ எறிந்தேன் என்றோ வரவில்லை. அடுத்த வரியில் காடு எரிகிறது என்றும் இல்லை, நேராக வெந்து தணிந்தது. எரிந்த அத்தனை நேரமும் இரண்டு வரிகளுக்கு நடுவில் உள்ள வெள்ளை இடத்தில் போய்விட்டது. அந்த மென்மைக்கும் இந்த முடிவுக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் என்னை இன்னமும் உலுக்குகிறது. விடுதலை என்று மட்டும் மொழிபெயர்த்தால் இந்தத் தூரம் கையில் வராது, குஞ்சும் பொந்தும் வேண்டும்.

அதற்கடுத்து "தழல் வீரத்தில் குஞ்சென்றும் மூப்பென்றும் உண்டோ" என்று பாரதியே பொதுவாக ஒன்று சொல்கிறார். காட்சியிலிருந்து கருத்துக்கு வந்துவிட்டார், நமக்குக் கை கொடுத்து மேலே ஏற்றிவிடுகிறார். உடனே "தத்தரிகிட தத்தரிகிட தித்தோம்." இதற்கு அகராதிப் பொருளே கிடையாது, ஜதி. நெருப்பு ஆடுகிறதா, சொல்கிறவர் ஆடுகிறாரா, தெரியாது. இவ்வளவு சின்னப் பாட்டுக்குள் முதலில் ஒரு நிகழ்ச்சி, அப்புறம் ஒரு கருத்து, கடைசியில் பொருளே இல்லாத சத்தம். குறியீடு என்பதை வெறும் "உள்ளே ஒளித்து வைத்த கருத்து" என்று புரிந்துகொண்டால் அந்தக் கடைசி வரியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பாரதிக்குப் பிறகு புதுக்கவிதை. ந. பிச்சமூர்த்தி 1930-களில் எழுதத் தொடங்கியதை 1959-ல் சி.சு. செல்லப்பா தொடங்கிய எழுத்து பத்திரிகை ஓர் இயக்கமாகவே ஆக்கியது, 1962-ல் புதுக்குரல்கள் தொகுப்பு வந்தது. எழுத்தில் தருமு சிவராமு என்ற பேரில் எழுதிய பிரமிளைப் படிமக் கவிஞர் என்று சொல்வது வழக்கம். அவருடைய காவியம் என்ற கவிதையை எல்லோரும் எங்காவது படித்திருப்போம்: சிறகிலிருந்து பிரிந்த இறகு ஒன்று, "காற்றின் தீராத பக்கங்களில்", ஒரு பறவையின் வாழ்வை எழுதிச் செல்கிறது. மொத்தமே அவ்வளவுதான்.

இதைப் படித்ததும் இறகு என்றால் கலைஞன், பறவை என்றால் சமூகம் என்கிற மாதிரி விளக்கங்கள் வரும். கொஞ்சம் பொறுங்கள். உதிர்ந்த இறகு காற்றில் எப்படிக் கீழே வரும் என்று பார்த்திருக்கிறீர்களா? கல் மாதிரி நேராக வராது. இந்தப் பக்கம் சரிந்து, அந்தப் பக்கம் வழுக்கி, மறுபடி இந்தப் பக்கம் வரும். எழுதுகிற கை வரியின் கடைசிக்குப் போய்த் திரும்ப வருவது அப்படித்தான் இருக்கும். இறகு பல நூற்றாண்டு மனிதர்களுக்கு எழுதுகோலாகவே இருந்தது, ஆகவே இறகு எழுதுகிறது என்பதில் பாதி உருவகம், பாதி பச்சை உண்மை. அப்புறம் "பக்கங்கள்." காற்றுக்கு நாலாபக்கமும் உண்டு, புத்தகத்துக்கும் பக்கங்கள் உண்டு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் கவிதை அந்த இடத்தில் சத்தமே இல்லாமல் ஆகாயத்திலிருந்து புத்தகத்துக்கு மாறிவிடுகிறது. இன்னும் ஒன்று, இது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் கண்ணில் பட்டது: சிறகு என்ற சொல்லிலிருந்து ச் என்ற ஒலி பிரிந்தால் மிச்சம் இருப்பது இறகு. பிரிந்தது இறகு மட்டுமில்லை, எழுத்தும் பிரிந்திருக்கிறது.

காற்றில் எழுதினால் நிற்குமா? நிற்காது. எழுதிய அடுத்த நொடி அழிந்துவிடும். அப்படி அழிகிற எழுத்துக்குக் காவியம் என்று தலைப்பு. இவ்வளவும் நான் நேர்ப்பொருளுக்குள் இருந்துகொண்டே சொன்னவை, இறகு, காற்று, பக்கம், எழுதுவது, இதைத் தாண்டி ஒரு சொல்லையும் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. ஆனால் இதற்குள்ளாகவே இழப்பு, கலை, நிலையாமை எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துவிட்டன. யாரும் சமன்குறி போடவில்லை.

சரி, எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். குறியீடே வேண்டாம் என்று அடம்பிடிக்கிற கவிதைகளும் உண்டு. அமெரிக்கக் கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் 1923-ல் எழுதிய சிவப்புத் தள்ளுவண்டிக் கவிதை ஆங்கிலத்தில் மொத்தம் 16 சொற்கள். மழைநீரில் பளபளக்கிற ஒரு சிவப்புத் தள்ளுவண்டி, பக்கத்தில் வெள்ளைக் கோழிகள். அவ்வளவுதான் காட்சி. ஆனால் தொடக்கத்தில், எவ்வளவோ விஷயம் இதைச் சார்ந்து இருக்கிறது என்கிறார். எது சார்ந்திருக்கிறது என்று கடைசிவரை சொல்லவில்லை. உழைப்பைக் குறிக்கிறது, விவசாய வாழ்க்கையைக் குறிக்கிறது என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த வண்டி வேறு எதற்கும் வேலையாள் இல்லை என்பதைத்தான் அந்தக் கவிதை காட்டுகிறது, அதைப் பார், அதற்கே கனம் இருக்கிறது என்கிறது.

இதைவிட நெருக்கடியான உதாரணம் போலந்துக் கவிஞர் ஸ்பிக்னியெவ் ஹெர்பெர்ட்டின் கூழாங்கல், 1961-ல் வந்த தொகுப்பில் இருப்பது. கூழாங்கல் பூரணமான உயிர், தனக்குத் தானே சமம், தன் எல்லை தெரிந்தது என்று தொடங்குகிறது. அது எதையும் நினைவூட்டாத வாசனை கொண்டது என்றும் ஒரு இடத்தில் வருகிறது, அதாவது என்னைக் குறியீடாக்காதே என்று கல்லே சொல்வது போல. கடைசியில், கூழாங்கற்களைப் பழக்க முடியாது, அவை அமைதியான, மிகத் தெளிவான கண்ணால் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்கிறது. இதை அவர் எழுதியது கம்யூனிஸ்ட் ஆட்சியில், ஒவ்வொரு சொல்லுக்கும் அரசு ஒரு பொருள் வைத்திருந்த நாட்டில். அங்கே யாருக்கும் எதற்கும் வளையாமல் தன்னளவில் மட்டும் இருக்கிற ஒரு கல்லைப் பற்றி எழுதினால், அந்தக் கல் எவ்வளவு மறுத்தாலும் அது ஒரு நிலைப்பாடாகிவிடுகிறது. நேர்ப்பொருளில் பிடிவாதமாக நிற்பதே குறியீடாகிற விசித்திரம் இது. எந்தக் கவிதை எந்தக் காலத்தில் எங்கே எழுதப்பட்டது என்று தெரிந்துகொள்வது இந்த மாதிரி இடங்களில் கட்டாயம் உதவும், மற்றபடி கவிஞரின் வாழ்க்கைக் குறிப்பை முதலில் படித்துவிட்டுக் கவிதைக்கு வருவதை நான் சிபாரிசு செய்வதில்லை.

கவிஞரையே கேட்டுவிடலாமே என்று தோன்றும். அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட்டின் பனிக்காட்டுக் கவிதையைச் சாவைப் பற்றியது என்று விமர்சகர்கள் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் கவிதையின் கடைசியில் "தூங்குவதற்கு முன் போகவேண்டிய தூரம் நிறைய" என்ற வரி இரண்டு முறை வருகிறது. முதல்முறை படிக்கும்போது அது இரவில் வண்டியை நிறுத்திக் காட்டைப் பார்க்கிற ஒரு மனிதனின் சாதாரணக் கவலை, வீட்டுக்குப் போகணும், தூங்கணும். இரண்டாம் முறை ஒரு எழுத்துக்கூட மாறவில்லை, ஆனால் "தூக்கம்" இருட்டாகிவிடுகிறது. நானாக வலிந்து கொண்டுவந்ததில்லை, திருப்பிச் சொன்னதால் வந்தது. கவிஞர் மறுத்தார் என்பதற்காக அந்த இருட்டை நான் கைவிட மாட்டேன், அதே சமயம் "தூக்கம் = சாவு" என்று எழுதிவைக்கவும் மாட்டேன்.

இதிலிருந்தே நீங்கள் கேட்ட "எப்படிக் கண்டுபிடிப்பது" என்பதற்கு வரலாம். ஒரு பொருள் தன்னைத் தாண்டிப் போகிறது என்றால் கவிதை அதற்கு ஏதாவது தடயம் விட்டிருக்கும். திரும்பத் திரும்ப வருவது ஒரு தடயம். தேவைக்கு மேல் ஒரு விவரம் சொல்லப்பட்டிருப்பது இன்னொன்று, வண்டி ஏன் சிவப்பு என்று கேட்பது போல. பொருந்தாத வினைச்சொல், இறகு "எழுதுகிறது" என்பது போல. தலைப்புக்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவில் இழுபறி, காவியம் என்ற தலைப்பு மாதிரி. சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டிருப்பது, பாரதி எரிந்ததை விட்டது மாதிரி. தடயம் எதுவுமே இல்லாமல் வெறுமனே காகம் வந்தது என்பதற்காக முன்னோர், மரணம் என்று போவதாக இருந்தால் நான் போக மாட்டேன்.

சோதித்துப் பார்க்க எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அந்தப் பொருளை எடுத்துவிட்டுப் பக்கத்துப் பொருள் ஒன்றை வைத்துப் பார்ப்பேன். இறகுக்குப் பதிலாக இலை: மரத்திலிருந்து பிரிந்த இலை ஒன்று ஒரு மரத்தின் வாழ்வை எழுதிச் செல்கிறது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதுகோல் போய்விட்டது, சிறகு-இறகு போய்விட்டது, பறத்தலும் போய்விட்டது. இறகு அசையாது என்று தெரிகிறது. பல சுமாரான கவிதைகளில் இப்படி மாற்றினால் ஒன்றும் ஆகாது, விளக்குக்குப் பதில் மெழுகுவர்த்தி, மெழுகுவர்த்திக்குப் பதில் நட்சத்திரம், எல்லாம் ஒன்றுதான், ஏனென்றால் கவிஞர் முதலில் "நம்பிக்கை" என்று கருத்தை முடிவுசெய்துவிட்டு அப்புறம் அதற்கு ஒரு சட்டை தேடியிருக்கிறார். இப்படிப்பட்ட கவிதைகளில் குறியீடு உடனே புரிந்துவிடும், அதுதான் அவற்றின் குறை.

நீண்ட காலம் ஒரே பொருளோடு வாழ்கிற கவிஞர்களும் உண்டு, அது வேறு கதை. ஐரிஷ் கவிஞர் யேட்ஸின் கவிதைகளில் கோபுரமும் சுழல்படிக்கட்டும் திரும்பத் திரும்ப வரும், அவற்றைப் பற்றிப் பெரிய பெரிய விளக்கங்கள் இருக்கின்றன. ஆனால் அவர் அயர்லாந்தில் ஒரு பழைய கல்கோபுரத்தை வாங்கி, குடும்பத்தோடு அங்கே கோடைகளைக் கழித்தவர், அந்தப் படிக்கட்டில் காலால் ஏறி இறங்கியவர். 1928-ல் கோபுரம் என்றே தொகுப்புப் போட்டார். அந்தக் குறியீட்டுக்குள் உண்மையான கல்லும் ஈரமும் இருப்பதால்தான் அது தாங்குகிறது.

கடைசியாக உங்கள் தோழியின் நாற்காலி. மேலே சொன்னபடி அதன் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். மொட்டைமாடிக்கு நாற்காலி தானாகப் போகாது, யாரோ படியேறித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். நேற்று வெயில், அதாவது வெயிலில் உட்கார ஆசைப்பட்ட, அல்லது உட்காரவேண்டியிருந்த ஒருவர், குளிர்காய்ந்தவராக இருக்கலாம், உடம்பு சரியில்லாதவராக இருக்கலாம். இன்று மழை, எடுத்து உள்ளே வைக்க யாரும் வரவில்லை. மறந்துவிட்டார்களா, முடியவில்லையா, ஆள் இல்லையா, கவிதை சொல்லவில்லை. இது வரைக்கும் எல்லாம் காட்சியிலேயே இருக்கிறது.

இப்போது மூன்றாவது வரியை மட்டும் மெதுவாகப் படியுங்கள். "நேற்று வெயிலில் உட்கார்ந்திருந்த நாற்காலி." உட்கார்ந்திருந்தது யார்? அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலி என்றோ, நான் உட்கார்ந்திருந்த நாற்காலி என்றோ இல்லை. தமிழில் பெயரெச்சம் எழுவாயைக் கேட்காமலே நின்றுவிடும், ஆகவே யாரோ உட்கார்ந்திருந்த நாற்காலி என்றும் படிக்கலாம், நாற்காலியே வெயிலில் உட்கார்ந்திருந்தது என்றும் படிக்கலாம். இரண்டாவதாகப் படித்தால் நேற்றும் அங்கே யாரும் இல்லை. ஆள் இல்லை என்பதைச் சொல்ல உங்கள் தோழி ஒரு சொல்லும் செலவழிக்கவில்லை, வாக்கியத்தில் ஆள் இருக்கவேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார். நாற்காலி காலியாக இருக்கிறது என்று அவர் எழுதவே இல்லை, போய்ப் பாருங்கள்.

இறந்துபோன அப்பா என்று சொன்னவர் இந்தக் காலியிடத்தை எங்கோ உணர்ந்திருக்கிறார், அதில் ஒரு ஆளைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார். அவரிடம் அடுத்த முறை அப்பா எந்தச் சொல்லில் இருக்கிறார் என்று கேளுங்கள். அவர் மூன்றாவது வரிக்குத் திரும்பி வந்தால் நீங்கள் இருவரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறீர்கள். தோழியிடமும் ஒன்று கேட்கலாம்: "நேற்று" என்ற சொல்லை எடுத்துவிட்டால் அவருக்குச் சம்மதமா? எனக்குச் சம்மதமில்லை.